முகமூடியும் மூச்சும்



எங்கள் கீழவைப்பாரில் மூச்சடக்கிக் கடலில் மூழ்குவோர் பரம்பரையாக உண்டு. 1961-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பைக் கண்ட முதியோர் கூறுவர்: மூழ்குபவன் உயிர் அவன் கையில் அன்று, தோணியில் கயிறு பிடிப்பவன் கையில். கயிறு அசைந்தவுடன் இழுத்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவினர் ஒருவர், சங்கு குளிக்கச் சென்ற இடத்தில் காலைச் சிப்பி கீற, புண்ணோடு திரும்பினார். புண் சீழ் கொண்டது. ஐந்தாம் நாள் கடுங்காய்ச்சலும் மேல்மூச்சும் கண்டன. மருத்துவர் அதனைச் செப்சிஸ் என்றார். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடல் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை அது. நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பும். குருதியில் அமிலம் மிகுவதால் மூச்சும் விரையும்.

முகத்தில் இறுகப் பொருத்திய முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தினார்கள். தொண்டையில் குழாய் இல்லை. நோயாளி இரண்டொரு சொல் பேசவும் இயலும். நாட்பட்ட நுரையீரல் நோயினர்க்கும், இதயத் தளர்ச்சியால் நுரையீரலில் நீர் கோத்தவர்க்கும் இக்கருவி பெருந்துணை. செப்சிஸில் அத்துணை நம்புதற்கில்லை. காற்று இரைப்பையிலும் புகும். மயங்கிய நோயாளி வாந்தியெடுத்தால் அது நுரையீரலுள் இறங்கும். மார்பினுள் அழுத்தம் ஏறுவதால், முன்பே தாழ்ந்திருக்கும் இரத்த அழுத்தம் மேலும் தாழலாம். நோயாளி வலிந்து இழுக்கும் பெருமூச்சே நுரையீரலைப் புண்படுத்துவதும் உண்டு. 2021-இல் வெளியான பன்னாட்டுச் செப்சிஸ் நெறிமுறை, முகமூடியைவிட மூக்கின் வழியே மிகுவிசையில் செலுத்தும் ஆக்சிஜன் மேல் என்றது. சான்று வலுவற்றது என்பதையும் ஒப்புக்கொண்டது. இவையனைத்தினும் பெரிய ஆபத்து, தேறிவிட்டார் என்னும் தோற்றமே.

மறுநாட் காலையில், தொண்டையில் குழாய் இடவேண்டும் என்றார் மருத்துவர். குழாய் வைத்தால் ஆள் திரும்பமாட்டார் என்று வீட்டார் அஞ்சினர். என்னிடம் பயின்ற மூத்த மகன், “ஐயா, தாங்கள் சொல்லுங்கள்” என்றான். நோயாளியோ சற்று அமைதியாகப் படுத்திருந்தார். “பொழுது சாயும்வரை பார்ப்போமே” என்றேன். அவ்வமைதி தேறுதல் அன்று. மூச்சுத் தசைகள் களைத்து, அறிவு மங்கிய நிலை. கயிறு அசைந்தது, நாங்கள் இழுக்கவில்லை. மாலையில் அவசரமாகக் குழாய் இட்டார்கள். விடியுமுன் உயிர் பிரிந்தது. காலையிலேயே இசைந்திருந்தால் பிழைத்திருப்பாரோ, யான் அறியேன்.

இப்பொழுது எவரேனும் என்னைக் கேட்டால், முகமூடி பொருத்தும்போதே மருத்துவரிடம் இரண்டு வினாக்கள் கேட்கச் சொல்கிறேன்: எத்தனை மணி நேரம் பார்ப்பீர்கள்? எந்தக் குறி கண்டால் குழாய் இடுவீர்கள்? முதல் ஓரிரு மணியில் மூச்சின் விரைவு தணியாவிட்டாலும், பேச்சுக் குழறினாலும், மருத்துவர் அழைக்குமுன் நாமே அவரை அழைக்கலாம்.