ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்த தவளைகள்



மழை பெய்து ஓய்ந்த இரவு. ஜொகூர் மாநிலத்தின் எண்டாவ் ரொம்பின் காட்டில், உயர்ந்த மரத்திலிருந்து ஒரு பச்சைத் தவளை தாவுகிறது. விரல்களுக்கு இடையே உள்ள அகன்ற சவ்வை விரித்து, காற்றில் சரிந்து இறங்கி, குட்டை ஓரத்தை வந்தடைகிறது. நீருக்கு மேலே தொங்கும் இலைகளில் நுரையால் கூடு கட்டி முட்டையிடும். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நீரில் விழுந்து வளரும்.

இந்தத் தவளையின் பெயர் என்ன? கேள்வி எளியதுதான். ஆனால், சரியான பதில் கிடைக்க ஏறக்குறைய 170 ஆண்டுகள் ஆயின.

1840ஆம் ஆண்டில், ஜாவாவில் கிடைத்த ஒரு தவளையை ஷ்லேகல் என்ற அறிஞர் விவரித்தார். போகோர் தாவரவியல் பூங்காவைத் தோற்றுவித்த ரைன்வார்ட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர் இந்தோசீனாவிலும், தீபகற்ப மலேசியாவிலும், போர்னியோவிலும் அதைப் போன்ற தவளைகள் கிடைத்தன. முதுகு பச்சை, சவ்வில் கருமை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால் எல்லாவற்றுக்கும் அதே பெயர் வழங்கப்பட்டது.

ஒன்றுபோல் தோன்றுபவை எல்லாம் ஓர் இனம் ஆகிவிடுமா? 2006இல் ஓஹ்லர், டெலோர்ம் ஆகிய இரு ஆய்வாளர்கள், இந்தோசீனத் தவளை தனி இனம் என்று காட்டினர். 2010இல் சான் கின் ஓன், லீ கிரிஸ்மர் இருவரும் தீபகற்ப மலேசியத் தவளையைத் தனி இனமாக அறிவித்தனர். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் தவளை ஆய்வாளர் நோர்ஹாயாத்தி அகமட்டைச் சிறப்பித்து, அவரது பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 2013இல் மட்சுயி குழுவினர், சபாவின் மாலியாவ் பள்ளத்தாக்கில் கிடைத்த தவளையை ஆராய்ந்து, போர்னியோ இனத்தையும் பிரித்துக் காட்டினர்.

இதை எப்படிக் கண்டறிகிறார்கள்? முதலில் உடல் நீளம், கால் நீளம், சவ்வின் பரப்பு ஆகியவற்றை அளக்கிறார்கள். விலாப் பகுதியின் புள்ளிகளையும் கவனிக்கிறார்கள். எரிசாராயத்தில் இட்ட தவளையின் பச்சை நிறம் மங்கிவிடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே புகைப்படம் எடுப்பது அவசியம். அடுத்தது குரல். ஆண் தவளையின் குரலைக் கேட்டே பெண் தவளை தன் இனத்தை அடையாளம் காண்கிறது. ஆகவே குரல் பதிவு முக்கியமான சான்றாகும். மூன்றாவது, மரபணுச் சோதனை. வெளித்தோற்றம் மறைத்ததை அது வெளிக்கொண்டுவரும்.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் நம்பினால் தவறு நேரலாம். ஒரே இனத்தில்கூட இளம் தவளையின் நிறம் வேறாக இருப்பதுண்டு. பல சான்றுகளும் ஒத்துப்போன பிறகே, ஒரு தவளையை மாதிரி உடலாக அருங்காட்சியகத்தில் வைத்து, விளக்கத்தை வெளியிட்டுப் பெயர் சூட்டுகிறார்கள்.

பெயர் மாறினால் தவளைக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். ஒரே பெயர் இருந்தவரை, இந்தோசீனா முதல் ஜாவா வரை தாராளமாக வாழும் தவளை என்றே அது கணக்கில் இருந்தது. ஒரு காடு அழிந்தாலும், வேறு இடத்தில்தான் இருக்கிறதே என்று சொல்லிவிடலாம். தனித்தனி இனங்கள் என்று தெரிந்த பிறகு அந்தச் சமாதானம் செல்லாது. போர்னியோ இனம் அழிந்தால், ஜாவாவில் உள்ள தவளை அதற்கு ஈடாகாது.

இந்தத் தவளைக்கு வாழ உயர்ந்த மரமும் வேண்டும், முட்டையிட அதன் அடியில் குட்டையும் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அடுத்த தலைமுறை இல்லை. பெயர் பெறும் முன்பே காடு போய்விட்டால், எதை இழந்தோம் என்பதுகூடத் தெரியாமல் போய்விடும். எனவே, இனம் காணும் பணியைக் காடு காக்கும் பணியின் முதல் படி என்றே கொள்ள வேண்டும்.