சந்தை இறங்கும்போது நிதானம்

(எங்கள் அறக்கட்டளை சார்பில் நடந்த பொருளாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பங்குச் சந்தை இறங்கும்போதெல்லாம் எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாய், போட்ட பணத்தை இப்பவே எடுத்துடலாமா?" அவர்களுக்கு நாங்கள் 2020இல் நம் மஹல்லாவில் நடந்ததைச் சொல்வோம்.

வளைகுடாவில் வேலை பார்த்த ஒரு சகோதரர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். கொரோனாவால் விமானம் நின்றது, சம்பளமும் நின்றது. மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த பணம் முழுவதும் ஷரீஆ முறையிலான மியூச்சுவல் ஃபண்டில் இருந்தது. அந்த ஜனவரியில் 42,000ஐத் தாண்டிய சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே போயிருந்தது. ஏப்ரலில் அவர் நஷ்டத்துக்கே அதை விற்றார். நவம்பரில் சந்தை பழைய உயரத்தைத் தாண்டியபோது, அவர் பணம் அங்கே இல்லை.

"பயந்து விற்கல பாய், வீட்டுச் செலவுக்குக் கையில காசு இல்ல" என்றார் அவர். நம் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் இருந்தது. கேட்க அவருக்குக் கூச்சம். நாங்களும் அவர் வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. அந்தக் குறை எங்களுடையது.

இதிலிருந்து நாங்கள் கற்றது, நிதானம் என்பது மனத் துணிச்சல் மட்டுமல்ல, முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடும்கூட என்பதுதான்.

முதலாவது, ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் ஹஜ் பணம், கல்யாணப் பணம், படிப்புப் பணம் எதையும் பங்குகளில் போடாதீர்கள். 2020போலச் சந்தை எப்போதும் சீக்கிரம் மீளாது. 2008இல் விழுந்தது, பழைய உயரத்தை எட்ட 2 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இரண்டாவது, நீண்ட காலத்துக்கென்று போட்டதைத் தினமும் போனில் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஜகாத் கணக்குப் பார்க்கிறோம் அல்லவா? அன்றைக்கே இதையும் பாருங்கள். மாற்றம் தேவையென்றால் அப்போது செய்யுங்கள்.

மூன்றாவது, விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகாதீர்கள். அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 10க்கு 9 பேருக்கு மேல் நஷ்டப்பட்டதாக 2024இல் செபியே ஆய்வு வெளியிட்டது. மார்க்கம் தடுத்த சூதாட்டத்தோடு உலமாக்கள் பலர் அதைச் சேர்க்கிறார்கள்.

யூசுஃப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேமித்ததால்தான் பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளை மிஸ்ர் நாடு கடந்தது. பஞ்சம் வந்த பிறகு களஞ்சியம் கட்டவில்லை. தவக்குல் வைப்பவர் ஏற்பாட்டையும் செய்கிறார்.

நெருக்கடி வந்தால் விற்பதற்கு முன் எங்களிடம் வாருங்கள். கூச்சம் வேண்டாம். பக்கத்து வீட்டில் சம்பளம் நின்றது தெரிந்தால் நீங்களாவது எங்களுக்குச் சொல்லுங்கள். இம்முறை நாங்களே அந்த வீட்டுக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ்.

நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.