வேலியே பயிரை மேய்ந்தால்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



கொரோனா வந்த நாளிலிருந்து நம்ம எல்லார் வாயிலும் ஒரு பேச்சு: நோய் எதிர்ப்பு சக்தி. அது உடம்புக்கு வேலி மாதிரி. ஆனால் அந்த வேலியே பயிரை மேய்வதும் உண்டு. அப்படி மேயும்போது அதிகமாக அடிபடுகிற உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் பொடிச் சல்லடைகள் இருக்கு. கழிவை வெளியே விட்டு, புரதத்தை உள்ளே நிறுத்துவது அவற்றின் வேலை. எதிர்ப்பு சக்தி தடம் மாறி அவற்றைத் தாக்கினால், கண்ணி அறுந்த வலையில் மீன் நழுவுகிற மாதிரி புரதமும் ரத்தமும் சிறுநீரில் போய்விடும்.

பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வந்து 1, 2 வாரத்திலோ, சிரங்கு வந்து 3 முதல் 6 வாரத்திலோ இப்படி வரலாம். முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும்.

நமக்கு வருவது லூபஸ். அது வருகிற 10 பேரில் 9 பேர் பெண்கள். மூட்டுவலி, முகத்தில் சிவந்த தடிப்பு, முடி கொட்டுதல், விட்டு விட்டுக் காய்ச்சல். இதையெல்லாம் வேலை அலுப்பு என்று தள்ளிப்போடுகிறோம். சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. நுரைத்த சிறுநீர், கால் வீக்கம் இவைதான் அடையாளம்.

இதற்கு மருந்து, எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது இல்லை, அடக்குவது. 1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். அன்று முதல் இன்று வரை, மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் அதை உடம்பு தாக்காமல் இருக்க இந்த வகை மாத்திரையைத்தான் தினமும் சாப்பிடுகிறார்கள். அதனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீங்க. சக்தி கூட்டும் பொடி என்று யாராவது விற்றால் வாங்கிக் கலக்காதீங்க. பிள்ளை பெற நினைக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்க.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்களுக்கும் சிறுநீரகம் கெடும். எல்லாருக்கும் முதல் படி ஒன்றுதான்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் இருக்கா என்று பார்ப்பது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்னாலேயே அது காட்டிக்கொடுக்கும்.

மாதாமாதம் சேமிப்பு நோட்டைச் சரிபார்க்கிறோம். அந்தக் கூட்டத்திலேயே, "யாருக்காவது கால் வீக்கம், நுரை இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். தனியாகப் போகக் கூச்சப்படுகிற அக்காவோடு ஒருத்தர் துணைக்குப் போவோம்.