மலடு என்று சொல்லுமுன்

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலருக்கு, ஊரிலிருந்து வரும் செய்திகளுள் மாட்டைப் பற்றிய செய்தியும் ஒன்று. "கன்று ஈன்று ஐந்து மாதமாயிற்று, பசு இன்னும் பருவத்துக்கு வரவில்லை. ஊசியும் போட்டாயிற்று. மலடென்று விற்றுவிடலாமா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். விடை சொல்லுமுன், அப்பசுவின் உடலுக்குள் நிகழ்வதைச் சிறிது நோக்குவோம்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், ஈன்றபின் 85 நாளுக்குள் அது மீண்டும் சினைப்பட வேண்டும். அவற்றுள் முதல் 40, 50 நாள் கருப்பை பழைய நிலையை அடைவதற்கே செல்லும். பருவமோ 21 நாளுக்கு ஒருமுறை வருவது. வந்தாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஆகவே நமக்குக் கிட்டும் வாய்ப்பு ஒன்றிரண்டுதான்.

இப்பருவத்தை நடத்துவன ஹார்மோன்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் சூலகத்தில் முட்டைப்பையை வளர்க்கிறது. மற்றொன்று அதை முதிர்வித்து வெடிக்கச் செய்கிறது. வளரும் பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென்தான் பசுவைக் கத்த வைக்கிறது. முட்டை வெளிப்பட்ட இடத்தில் தோன்றும் மஞ்சள் திரள், புரோஜெஸ்டிரோனைச் சுரந்து கருவைக் காக்கிறது.

இவ்வேற்பாடு முழுவதும் தீனியை நம்பி நிற்பது. ஈன்ற நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் பால் உச்சத்தை எட்டுகிறது. தின்னும் அளவோ அதற்குச் சில வாரம் பின்னரே உச்சமடைகிறது. இடையில் நேரும் குறைவை ஈடுசெய்யப் பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கிறது. அந்நாளில் இன்சுலின் குறைகிறது. பிட்யூட்டரியின் சுரப்பும் தளர்கிறது. முட்டைப்பை வளர்ந்தும் வெடிக்காமலே சுருங்கிவிடுகிறது.

தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் 1923-இல் பெங்களூரில் தோன்றி, நம்மைப் போலவே 1955-இல் வடக்கே கர்னாலுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உருவான 'கரண் ஃப்ரீஸ்' போன்ற கலப்பினப் பசுக்களுக்குப் பால் மிகுதி. ஆதலின் தீனிக்குறைவு நேர்ந்தால் துன்பமும் மிகுதி.

இனி ஊசிக்கு வருவோம். பருவத்தை வரவழைக்கப் பெரிதும் போடப்படும் புரோஸ்டாகிளாண்டின், மஞ்சள் திரளைக் கரைக்கும் மருந்து. திரளே தோன்றாத சூலகத்தில் அது எதைக் கரைக்கும்? ஆகவே கால்நடை மருத்துவர் சோதித்துப் பார்த்த பின்னரே ஊசி போடுதல் முறை. கருப்பையில் புண்ணோ சீழோ இருப்பின் அதுவும் அப்போது தெரியவரும்.

செய்யத்தக்கவை எளியவை. ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதம் பால் கறவாமல் ஓய்வு கொடுத்து நன்கு ஊட்டுக. ஆனால் கொழுக்க விடாதீர். கொழுத்த பசு ஈன்றபின் தீனியைக் குறைத்துவிடும். ஈன்றபின் பசும்புல்லோடு பாலின் அளவுக்கேற்பத் தவிடும் பிண்ணாக்கும், நாள்தோறும் 50 கிராம் அளவில் தாது உப்புக் கலவையும் கொடுக்க. காலையும் மாலையும் பசுவைக் கவனிக்க. காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் சினையூசி போடுவது வழக்கம். ஒரு பருவம் தவறினால் 21 நாள் நட்டம்.

மலடென்று கைவிடப்படும் பசுக்களுள் பசித்த பசுக்களும் உண்டு. அடுத்த முறை ஊருக்குப் பணம் அனுப்புங்கால், ஊசிக்கென மட்டுமன்றிப் பிண்ணாக்குக்கும் சேர்த்து அனுப்புவோமாக.