கையிலுள்ள கருவியும் ஊருக்கான கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





கணினி, கைப்பேசி, இணையம் ஆகியவற்றைக் கொண்டு ஊர்நலனையும் ஜனநாயகத்தையும் எவ்வாறு வளர்க்கலாம் என்று பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

பீர்க்கன்கரணை நெடுங்காலம் ஒரு பேரூராட்சியாக இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் நடந்தே அலுவலகம் சென்று முறையிட்டு வந்தோம். 2021 நவம்பர் 3 அன்று 5 நகராட்சிகளும், நம் ஊர் உள்ளிட்ட 5 பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. இன்று நாம் 70 வார்டுகள் கொண்ட ஒரு பெருநகரின் சிறு பகுதி. மாநகராட்சிக்குரிய நிதியும் திட்டங்களும் வரும். ஆனால் முடிவெடுக்கும் இடம் நம்மை விட்டு விலகியும் போகும். அந்த இடைவெளியைக் குறைக்க என்ன வழி?

2015 டிசம்பர் முதல் நாளை எவரும் மறந்திருக்க மாட்டோம். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. எந்தச் சாலையில் நீர் நிற்கிறது என்று எவருக்கும் தெரியாத அந்த நாட்களில், தன்னார்வ இளைஞர்கள் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ எனும் பொது வரைபடத்தின்மீது ஒரு வெள்ள வரைபடத்தை அமைத்தனர். நீர் சூழ்ந்த தெருவைப் பொதுமக்களே அதில் குறித்தனர். தெருவில் நின்றவனின் சாட்சியமே அனைவருக்கும் வழிகாட்டியது.

இதற்கு முன்னோடி ஆப்பிரிக்காவில் உண்டு. கென்யாவில் தேர்தலுக்குப் பின் கலவரம் வெடித்தபோது, 2008-ல் அந்நாட்டு இளைஞர்கள் ஒரு தளத்தை உருவாக்கினர். எங்கே வன்முறை நடக்கிறது என்று மக்கள் குறுஞ்செய்தியில் அறிவித்தனர். அது வரைபடத்தில் பதிவாயிற்று. அதன் பெயர் ‘உஷாஹிதி’. சுவாஹிலி மொழியில் சாட்சியம் என்று பொருள். ‘ஷாஹித்’ எனும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்பதை இங்குள்ளோர் உடனே உணர்வீர்கள்.

பெரியோர்களே! சாட்சி உண்மையாக இருக்க வேண்டும். 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்திற்குக் குலதெய்வம் கும்பிடச் சென்ற ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற கைகளோடு, அச்செய்தியைச் சரிபாராமல் அனுப்பிய விரல்களுக்கும் அப்பழியில் பங்குண்டு. உறுதி செய்யாத எதையும் அனுப்ப மாட்டோம் என்று நம் ஜமாஅத் குழுவில் முதல் விதியாக எழுதி வையுங்கள்.

அடுத்து, வாக்குரிமை. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழகத்தில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் எனக் காரணங்கள் கூறப்பட்டன. நம் கவலை வேறொன்று. முகமது, முஹம்மது, மொகம்மத் என்று ஒரே பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! வாடகை வீடு மாறி மாறிக் குடியேறுவோர் எத்தனை! பட்டியலை இணையத்தில் தேட ஐந்து நிமிடம் போதும். பெயர் சேர்க்கப் படிவம் 6. திருத்தத்திற்கும் முகவரி மாற்றத்திற்கும் படிவம் 8. கைப்பேசி இயக்கத் தெரியாத ஒரு மூதாட்டிக்கு அந்த ஐந்து நிமிடத்தை அளிப்பது யார் கடமை?

மூன்றாவது, தகவல் அறியும் உரிமை. 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்தில், தமிழிலேயே கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நம் தெருவின் மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி முடிய வேண்டிய நாள் எது என்று கேட்பது பகைமை அன்று, குடிமகனின் உரிமை.

நான்காவது, பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அத்தகைய கூட்டம் நம் பகுதியில் கூடும்போது எத்தனை பேர் செல்கிறோம்? நூறு குறுஞ்செய்திகளை விட, தேதியிட்ட பத்து புகைப்படங்களோடு ஒருவர் எழுந்து பேசுவது வலிமை மிக்கது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முன்பு உதவி மேசை அமைப்போம். கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் இருவர் ஒரு மடிக்கணினியோடு அமரட்டும். மத வேறுபாடின்றி அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் அது பயன்படட்டும். சகோதரிகளுக்கெனப் பெண்பிள்ளைகளே நடத்தும் தனி மேசை வேண்டும்.

இரண்டு, நம் ஏரிக்கரையையும் வடிகால்களையும் மாதந்தோறும் அதே இடத்தில் நின்று படமெடுத்துத் தேதியுடன் சேமிப்போம். குடியிருப்போர் நலச்சங்கங்களையும் இதில் அழைப்போம். வெள்ளம் சாதி மதம் பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை.

மூன்று, இதைச் சற்றுத் தயக்கத்துடனே கூறுகிறேன். மாநகராட்சியிடம் கணக்குக் கேட்கும் நாம், நம் கணக்கை எவ்வாறு வைத்துள்ளோம்? ஆண்டுக்கு ஒருமுறை இம்மலரில் வரவு செலவு அச்சாகிறது. அதை மாதந்தோறும் உறுப்பினர் கைப்பேசிக்கு ஒரே பக்கமாக அனுப்பலாகாதா? அதேவேளை, உதவி பெறும் ஏழைகளின் பெயரும் படமும் ஒருபோதும் அதில் வரலாகாது. தொகையை வெளியிடுவது நேர்மை. ஏழையின் முகத்தை வெளியிடுவது அவமதிப்பு. இவ்விரண்டையும் பிரித்தறியாத தொழில்நுட்பம் நமக்கு வேண்டாம்.

கருவி எவ்வளவு வளர்ந்தாலும், கேட்கும் வாயும் கூடும் கால்களும் நம்முடையவையே. அடுத்த பொதுக்குழுவில் இம்மூன்றில் எது நடந்தது என்று என்னையும் நிர்வாகத்தையும் கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்று நல்லருள் புரிவானாக!

வஸ்ஸலாம்.