தாயின் ஊசி, சேயின் காவல்

அட்டன், நுவரெலியா மலைத்தோட்டங்களிலே கருவுற்ற பெண்களுக்குக் கிளினிக்கில் ஏற்புவலித் தடுப்பூசி போடப்படுகிறது. ஊசி ஏறுவதோ தாயின் கையில். காக்கப்படுவதோ அவளும் அவள் வயிற்றுப் பிள்ளையும். இஃது எவ்வாறு கைகூடுகிறது?

ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் மாட்டெருவிலும் நெடுங்காலம் கிடக்கும். தூய்மையற்ற கத்தியால் கொப்பூழ்க்கொடியை அறுத்தால், அவ்வெட்டுவாய் வழியே அவை புகும். கிருமி சுரக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். முதலிரு நாள் நன்றாகப் பாலுண்ட சிசுவின் வாய் இறுகும், உடல் விறைக்கும், பெரும்பாலும் உயிர் பிரியும்.

ஊசியில் இருப்பதும் அந்நஞ்சே. ஆயினும் கொடுமை நீக்கப்பெற்றது. அதற்கெதிராகப் பிறபொருளெதிரி என்னும் புரதத்தை ஆக்கும் கலம் யாது? இதற்கு விடை 1960களிலே கிடைத்தது.

நெஞ்சினுள்ளே இருக்கும் தைமஸ் சுரப்பி எதிர்ப்பாற்றலுக்கு இன்றியமையாதது என்பதை 1961இல் ஜாக் மில்லர் காட்டினார். 1966இல் ஹென்றி கிளாமன் குழுவினர், கதிர்வீச்சால் எதிர்ப்பாற்றல் இழந்த எலிகளுக்குத் தைமஸ் கலங்களையும் என்பு மச்சைக் கலங்களையும் செலுத்தினர். தனித்தனியே செலுத்தியபோது கிடைத்த பயன் சிறிது. சேர்த்துச் செலுத்தியபோது கிடைத்ததோ, அவ்விரண்டின் கூட்டுத்தொகையினும் மிகப் பெரிது. பிறபொருளெதிரியை ஆக்குவது மச்சை வழிவந்த கலமே என்றும், தைமஸ் வழிவந்தது அதற்குத் துணைநிற்பது என்றும் 1968இல் மில்லரும் கிரகாம் மிச்சலும் தெளிவுபடுத்தினர். முன்னதை பி கலம் என்றும் பின்னதை ரி கலம் என்றும் வழங்குவர்.

கொழுந்து பறிப்பவர் ஒருவர். தொழிற்சாலையில் அதனை வாட்டி அரைப்பவர் வேறொருவர். இருவரும் சேர்ந்தாலன்றித் தேயிலை இல்லை. உடலினுள்ளும் அவ்வாறே. கிளைக்கலம் நஞ்சின் துண்டை ஏந்திச்சென்று ரி கலத்திற்குக் காட்டும். அதே நஞ்சைப் பற்றிய பி கலமும் தன் துண்டைக் காட்டும். ரி கலம் அதனை அறிந்து ஊக்கியபின்னரே பி கலம் பல்கிப் பெருகிப் பிறபொருளெதிரியைப் பொழியும். சில கலங்கள் நினைவுக் கலங்களாகத் தங்கிவிடும். சில வாரங்கழித்து இரண்டாம் ஊசி போடும்போது அவையே விரைந்தெழுந்து, முன்னிலும் மிகுதியாகவும் வலிதாகவும் ஆக்கும். அந்தப் பிறபொருளெதிரி நச்சுக்கொடி வழியே சேயை அடையும்.

இலங்கையில் கருவுற்ற தாய்மாருக்கு இவ்வூசி 1969இல் தொடங்கப்பெற்றது. தென்கிழக்காசிய வட்டகையில் தாய்-சேய் ஏற்புவலி ஒழிக்கப்பட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் வித்துக்கள் மண்ணைவிட்டு நீங்கவில்லை. அன்றைய பேர் போய்விடுமே என்று முதற்பிள்ளைத்தாய்ச்சி இரண்டாம் ஊசியை விட்டுவிடின், கலங்கள் தொடங்கிய கூட்டுப்பணி குறையாகவே நின்றுவிடும். அவளுக்கு அந்த ஒரு நாளை விட்டுக்கொடுப்பது, கணவருக்கும் மாமியாருக்கும் கங்காணிக்கும் உரிய பங்கு.