அரட்டைக்கு ஆள் சேராதது ஏன்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். எல்லார் கையிலும் இருக்கிற செல்போனைப் பற்றியே பேசுகிறேன்.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் குடியிருக்கும் ஸ்ரீதர் வேம்புவும் மற்றவர்களும் தொடங்கிய ஜோஹோ கம்பெனி, 2021 ஜனவரியில் 'அரட்டை' என்ற செயலியைக் கொண்டுவந்தது. நாலு வருஷம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று ஒரு வேகம். நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் அது நாளைக்கு 3,50,000 பேராக உயர்ந்ததாக வேம்புவே சொன்னார். பதிவிறக்கப் பட்டியலில் முதலிடம். சில வாரங்களில் அந்தப் பட்டியலில் கீழே இறங்கிவிட்டது.

அந்த வேகத்தில் விழுந்தவர்களில் நானும் ஒருவன். நம்ம ஊர்ப்பக்கத்து ஆள் செய்தது, பழைய போனிலும் ஓடும், திருச்சுழிப் பக்கம் சிக்னல் குறைவாக இருந்தாலும் சமாளிக்கும் என்று எங்கள் செட்டையே அதற்கு மாற்றப் பார்த்தேன். வந்தார்கள். ஆளுக்கு ஒரு 'வணக்கம்' போட்டார்கள். அவ்வளவுதான். நான் மட்டும் ரோஷத்தில் வாட்ஸ்அப்பையே அழித்துவிட்டேன்.

அடுத்த மாதம் நரிக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் தவறிப்போனார். விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாய் அவனுக்கு. செய்தி பழைய குழுவில் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்தது பால் தெளிக்கிற அன்றைக்கு. முகம் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. துக்கச் செய்தி சொல்கிறவன் ஆள் இருக்கிற இடத்தில்தானே சொல்வான்?

காரணம் அங்கேதான் இருக்கிறது. செயலி நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பூக்காரர், மில் சூப்பர்வைசர், பிள்ளையின் பள்ளிக்கூடம், மருமகள் வீடு எல்லாம் ஒரு சந்தையில் இருக்கும்போது, பக்கத்தில் நல்ல கொட்டகை போட்டுப் புதுச் சந்தை திறந்தால், விற்கிறவன் வாங்குகிறவனைப் பார்ப்பான், வாங்குகிறவன் விற்கிறவனைப் பார்ப்பான். ரெண்டு பேரும் பழைய சந்தைக்கே போவார்கள்.

"வாட்ஸ்அப்பும் ஒரு காலத்தில் புதுசுதானே சார்?" என்று மாணவர்கள் கேட்கலாம். சரியான கேள்வி. 2009-ல் அது வந்தபோது எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் காசு. பொங்கல், தீபாவளி என்றால் எஸ்.எம்.எஸ். பேக்கும் செல்லாது, ஞாபகம் இருக்கிறதா? காசு மிச்சமானதால் போனோம். இன்று இலவசத்தை விட்டு இன்னொரு இலவசத்துக்கு ஏன் போகவேண்டும்? தமிழன் செய்தது என்ற பெருமை பதிவிறக்கம் செய்யப் போதும். தினமும் திறந்து பார்க்கப் போதாது. போதாக்குறைக்கு, கூட்டம் வந்த அந்த நேரத்தில் அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம் எழுத்துச் செய்திக்கு இல்லை. அது பிறகுதான் வந்தது.

விழுந்தவர்கள் பெரிய ஆட்கள். ஏர்டெல் குடும்பத்துப் பிள்ளை 2012-ல் தொடங்கிய 'ஹைக்', 10 கோடிப் பேர் சேர்ந்ததாக 2016-ல் சொன்னது; 2021 ஜனவரியில் மூடினார்கள். 'கூ' 2024 ஜூலையில் போயிற்று.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் பெல்லின் காப்புரிமை முடிந்தபிறகு ஊருக்கு ரெண்டு டெலிபோன் கம்பெனி வந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பேச முடியாது. கடைக்காரர்கள் ரெண்டு போன் வைத்திருந்தார்கள். 1913-ல் பெரிய கம்பெனி தன் தூரத்து லைனில் மற்றவர்களையும் சேர்க்க ஒப்புக்கொண்டது. இன்று பி.எஸ்.என்.எல்.லில் இருந்து ஏர்டெல்லுக்குப் பேசுகிறோம், யோசிக்கிறோமா? யு.பி.ஐ.யும் அப்படித்தான். ஐரோப்பாவில் சட்டம் போட்டு வாட்ஸ்அப்பின் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறார்கள். வேம்பும் அதைத்தான் கேட்கிறார். நம் நாட்டில் அது நடக்காதவரை அரட்டைக்குப் பாடுதான்.

நான் இப்போது ரெண்டையும் வைத்திருக்கிறேன், அந்த அமெரிக்கக் கடைக்காரர் மாதிரி. இந்தக் கூட்டத்துக்கு எங்கள் செட்டில் எட்டுப் பேருக்கு ரெண்டிலுமே சொல்ல முடியவில்லை. கார்டு போட்டோம். ஆறு பேர் வந்திருக்கிறார்கள், மூன்றாவது வரிசையில். எழுந்து நில்லுங்கப்பா.